மைதானம் சிதம்பரத்தில், ஆட்டக்காரர்கள் நான்கு மாவட்டங்களில்

கடலூரில் கலைக் கல்லூரி ஒன்றில் படிக்கும் பெண் நன்றாகப் பந்தாடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். பல்கலைக்கழக அணியில் இடம் வேண்டுமென்றால், 2021 வரை அவள் வேலூர்ப் பக்கம்தான் பார்க்க வேண்டியிருந்தது. கடலூர் மாவட்டத்துக் கலைக் கல்லூரிகள் 2002-ல் தொடங்கிய திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தன. அதன் வளாகம் வேலூரை அடுத்த சேர்க்காட்டில் இருக்கிறது. இத்தனைக்கும் அவள் ஊரிலிருந்து 45 கிலோமீட்டரில், சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலை நகரில், 1929 முதல் ஒரு பல்கலைக்கழகம் விடுதிகளோடும் விளையாட்டு மைதானங்களோடும் இருந்துவருகிறது. அதன் அணியில் அவளுக்கு அன்று இடம் இல்லை. தன் வளாகத்தில் தங்கிப் படிப்பவர்களுக்காகவே உருவான பல்கலைக்கழகம் அது.

2021 ஆகஸ்டில் சட்டமன்றம் இதை மாற்றியது. விழுப்புரத்தில் தொடங்கப்பட்டிருந்த ஜெயலலிதா பல்கலைக்கழகம் கைவிடப்பட்டது. விழுப்புரம், கள்ளக்குறிச்சி, கடலூர், மயிலாடுதுறை ஆகிய 4 மாவட்டங்களின் கல்லூரிகள் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டன. அன்றைய வாக்குவாதம் பெரும்பாலும் பெயரையும் அரசியலையும் சுற்றியே நடந்தது. விளையாட்டை நேசிப்பவர்கள் அந்தச் சட்டத்தை வேறு கண்ணோடு படிக்க வேண்டும். நிலமும் விடுதியும் வைத்திருந்த பல்கலைக்கழகத்துக்கு, தலைமுறை தலைமுறையாக ஆட்டக்காரர்களை உருவாக்கிவரும் ஊர்கள் அன்றுதான் சட்டப்படி கிடைத்தன. கிடைத்ததை அது எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

பழைய கதையைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். பல்கலைக்கழகத்தின் நிறுவனர் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் சிதம்பரத்தில் மீனாட்சி கல்லூரியைத் தொடங்கியது 1920-ல். அதே ஆண்டில்தான் சென்னையில் ஹாரி குரோ பக், ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குச் சென்ற இந்திய அணியின் மேலாளரும் அவர்தான். படிப்போடு உடலையும் வளர்க்க வேண்டும் என்ற எண்ணம் தமிழ்நாட்டில் வேர்பிடித்த காலம் அது. விடுதிப் பல்கலைக்கழகம் என்ற அமைப்பு அந்த எண்ணத்துக்குப் பொருத்தமானது. மாலை 4 மணிக்கு வகுப்பு முடிந்ததும் பஸ்ஸைப் பிடிக்க ஓட வேண்டாத மாணவன் மைதானத்துக்குப் போவான். நகரக் கல்லூரிகள் பலவற்றுக்கு இன்றும் கிடைக்காத வசதி இது.

நிறுவனர் குடும்பத்துக்கும் விளையாட்டுக்கும் நெருங்கிய உறவு உண்டு. அவர் மகன் எம்.ஏ. சிதம்பரம் 1960-களின் தொடக்கத்தில் இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் தலைவராக இருந்தார். சேப்பாக்கம் மைதானம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பேரன்களில் ஏ.சி. முத்தையா 1999 முதல் 2001 வரை அதே வாரியத்துக்குத் தலைவர். பல்கலைக்கழகத்தின் இணைவேந்தராக நெடுங்காலம் இருந்த எம்.ஏ.எம். ராமசாமி 1970-களில் இந்திய ஹாக்கிக் கூட்டமைப்பை நடத்தியவர். குதிரைப் பந்தய உலகில் அவர் பெயர் தெரியாதவர் இல்லை. நாட்டின் இரண்டு பெரிய விளையாட்டுகளின் நிர்வாகம் ஒரே குடும்பத்தின் கையில் வந்துபோயிருக்கிறது. ஆனாலும் அண்ணாமலை நகர் என்றால் தமிழிசை நினைவுக்கு வருகிறது, தமிழாய்வு நினைவுக்கு வருகிறது, 1965 மொழிப்போரில் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியான மாணவர் ராஜேந்திரன் நினைவுக்கு வருகிறார். ஒரு விளையாட்டு அணியின் பெயர் அந்த வரிசையில் வருவதில்லை.

இதற்குக் காரணம் திறமைக் குறைவு என்று நான் நினைக்கவில்லை. பல்கலைக்கழக விளையாட்டு எப்படி நடக்கிறது என்பதைப் பார்த்தால் விடை தெரியும்.

நாட்டிலுள்ள பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகளை நடத்துவது இந்தியப் பல்கலைக்கழகங்கள் சங்கம். 1925-ல் பிறந்த அமைப்பு. நாட்டை 4 மண்டலங்களாகப் பிரித்து ஆட்டம் நடக்கும். தமிழ்நாட்டு அணிகள் தென்மண்டலத்தில், அதாவது மாணவர்கள் சொல்லும் ‘சவுத் ஜோன்’-ல், கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா அணிகளோடு மோத வேண்டும். குழு ஆட்டங்களில் பெரும்பாலும் நாக்-அவுட். தோற்றால் அன்றே மூட்டை கட்ட வேண்டியதுதான். கடைசி 4 அணிகள் லீக் ஆடி அகில இந்தியப் போட்டிக்குப் போகும். அங்கே முன்னணியில் வருபவர்களுக்கு 2020-ல் புவனேசுவரத்தில் தொடங்கிய கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுகளின் வாசல் திறக்கும். எல்லாவற்றிலும் சிறந்த பல்கலைக்கழகத்துக்கு, 1956-57 முதல் வழங்கப்பட்டுவரும் மௌலானா அபுல் கலாம் ஆசாத் கோப்பை.

இந்த ஆட்டங்களில் ஆட முழுநேர, நேரடி வகுப்பு மாணவராக இருக்க வேண்டும். வயது வரம்பும் உண்டு. அண்ணாமலையை நாடெங்கும் தெரிய வைத்த தொலைநிலைக் கல்வி இந்த இடத்தில் உதவாது. அதன் சான்றிதழ் வைத்திருக்கும் ஆட்டக்காரர்கள் பலர் உண்டு, அதன் சட்டையைப் போட்டு ஆட அவர்களுக்கு வழியில்லை. ஆக, பல ஆண்டுகளாக அணியைத் தேர்ந்தெடுக்கக் கையில் இருந்தவர்கள் வளாகத்து நேரடி மாணவர்கள் மட்டுமே. அவர்களிலும் பெரும்பகுதி பொறியியல், வேளாண்மை, மருத்துவம் படிப்பவர்கள். செய்முறை வகுப்பு, பருவத் தேர்வு, பதிவேடு என்று அவர்கள் நாள் முழுக்க அடைபட்டிருக்கும். ஒரு வேளாண் மாணவி காலையில் வயலில் நின்றுவிட்டு மாலையில் 400 மீட்டர் ஓடத்தான் செய்கிறாள். ஆனால் முழுமூச்சாகப் பயிற்சி செய்யும் பெண்ணோடு அவள் எப்படிப் போட்டி போடுவாள்?

கேரளத்தைப் பாருங்கள். கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் கால்பந்து, வாலிபால் அணிகளின் பலம் தேஞ்ஞிப்பாலம் வளாகத்தில் மட்டும் இல்லை. திருச்சூர், இரிஞ்ஞாலக்குடா, கோழிக்கோட்டுக் கல்லூரிகளில் இருக்கிறது. கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியே அங்கே ஊர்த்திருவிழா. அதில் மேலெழும்பி வருபவர்களைப் பல்கலைக்கழகம் அள்ளிக்கொள்கிறது. கோட்டயம் மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்தின் தடகளப் பெண்களை வளர்த்தவை பாலா அல்போன்சா, சங்கனாச்சேரி அசம்ப்ஷன் போன்ற கல்லூரிகளின் விடுதிகள். பஞ்சாபில் அமிர்தசரஸ் குரு நானக் தேவ் பல்கலைக்கழகம் ஆசாத் கோப்பையை 20 முறைக்கும் மேல் வென்றதன் பின்னணியும் இதுவே: இணைவுக் கல்லூரிகளின் பரந்த வயல், நடுவில் வலுவான களஞ்சியம். அண்மைக் காலத்தில் தனியார் பல்கலைக்கழகங்கள் வேறு வழியில் வருகின்றன. கட்டணச் சலுகை, உணவு, விடுதி எல்லாம் கொடுத்து நாடெங்குமிருந்து ஆட்டக்காரர்களைச் சேர்த்துக்கொள்கின்றன; சண்டிகர் பல்கலைக்கழகம் 2024-க்கான ஆசாத் கோப்பையை எடுத்தது. தமிழ்நாட்டில் எஸ்.ஆர்.எம். வாலிபாலில் செய்துகாட்டியதும் ஏறக்குறைய அதுவே. பணத்தால் ஆளைச் சேர்க்கும் அந்தப் பந்தயத்தில் ஓர் அரசுப் பல்கலைக்கழகம் ஓட முடியாது, ஓடவும் வேண்டாம். அண்ணாமலைக்கு இப்போது திறந்திருப்பது கோழிக்கோட்டு வழி.

அந்த வழியில் அதற்குக் கிடைத்த மிகப் பெரிய செல்வம் கடலூர்ப் பெண்கள் கால்பந்து. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

2004 டிசம்பர் 26 சுனாமி தேவனாம்பட்டினம் உள்ளிட்ட கடலூர்க் கரையோரக் குப்பங்களைப் புரட்டிப்போட்டது. பெற்றோரை இழந்த குழந்தைகளுக்கு அரசுக் காப்பகம் வந்தது. பயிற்சியாளர் மாரியப்பன் அப்படிப்பட்ட பெண் பிள்ளைகளையும், அவர்களைப் போலவே கையில் ஒன்றுமில்லாத வீட்டுப் பிள்ளைகளையும் மைதானத்துக்குக் கூட்டி வந்தார். இந்திரா காந்தி விளையாட்டு மற்றும் கல்வி அகாடமி என்ற பெயரில் அது வளர்ந்தது. 2017-18 இந்தியப் பெண்கள் லீக்கின் இறுதிச் சுற்றில் ஆடிய 7 அணிகளில் கடலூரின் இந்த அகாடமியும் ஒன்று. பெரிய முதலாளிகளின் கிளப்புகளும் மணிப்பூர் அணிகளும் நின்ற வரிசையில் மஞ்சக்குப்பத்து மண்ணில் ஓடிப் பழகிய பெண்கள் நின்றார்கள்.

அதே 2018 பிப்ரவரியில் கட்டக்கில் நடந்த தேசிய சீனியர் பெண்கள் கால்பந்தில் தமிழ்நாடு முதன்முறையாக வென்றது. இறுதி ஆட்டத்தில் தோற்றது மணிப்பூர். பெண்கள் கால்பந்தில் மணிப்பூரைத் தோற்கடிப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பது விளையாட்டைத் தொடர்பவர்களுக்குத் தெரியும். 2023 ஜூனில் அமிர்தசரஸில் ஹரியானாவை 2-1 என்று வென்று தமிழ்நாடு மீண்டும் பட்டம் எடுத்தது. இந்த எழுச்சியில் கடலூர் மாவட்டத்தின் பங்கு பெரியது. கடலூர் இந்துமதி கதிரேசன் இந்திய அணியின் நடுக்களத்தில் ஆடியவர், 2019-ல் பெண்கள் லீக்கை வென்ற சேது எஃப்.சி. அணியிலும் இருந்தவர், தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர். பண்ருட்டிப் பக்கத்துச் சந்தியா ரங்கநாதன், கடலூர் சுமித்ரா காமராஜ் இருவரும் இந்தியாவுக்காக ஆடியவர்கள்.

இந்தப் பெண்களின் வாழ்க்கையில் 17 வயது ஒரு மேடு. பள்ளி முடிகிறது. அரசு விடுதியோ காப்பகமோ அதோடு முடிகிறது. வீட்டில் கல்யாணப் பேச்சு, இல்லையென்றால் ஜவுளிக்கடை வேலை. அந்த மேட்டைத் தாண்டியவர்கள் சிலரே. அவர்களுக்கு யாரோ ஒரு பயிற்சியாளர், ஏதோ ஒரு கல்லூரி கை கொடுத்திருக்கும். தாண்ட முடியாமல் போனவர்களின் கணக்கை யாரும் எழுதி வைக்கவில்லை. பல்கலைக்கழக விளையாட்டின் வயது சரியாக அந்த மேட்டில்தான் தொடங்குகிறது. ஆகவே பல்கலைக்கழக அணி என்பதைக் கோப்பைக் கணக்காக மட்டும் நான் பார்ப்பதில்லை. 3 வேளைச் சாப்பாடு, பூட்டுப் போட்ட விடுதி அறை, பட்டம், அதற்கு மேல் ஒரு சான்றிதழ். ஒரு பெண்ணின் வாழ்க்கையைத் திருப்பிவிட இவை போதும்.

அந்தச் சான்றிதழைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், பலருக்குத் தெரிவதில்லை. அரசு வேலையில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு வரும் படிவங்களில் மூன்றாம் படிவம், பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆடியவர்களுக்கானது. பல்கலைக்கழகத்தின் விளையாட்டுப் பொறுப்பாளர் கையெழுத்திட்டுத் தர வேண்டும். தமிழ்நாட்டு அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. ரயில்வேயும் காவல்துறையும் ஆட்டக்காரர்களைத் தேடுகின்றன. அணியில் இடம்பிடித்து ஒரு பருவம் ஆடினால் அந்தக் கதவைத் தட்டவாவது முடியும். அணியைத் தேர்ந்தெடுக்கும் மேசையில் உட்கார்ந்திருப்பவர்கள், தாங்கள் விளையாட்டை மட்டும் தீர்மானிக்கவில்லை என்பதை உணர்ந்தே உட்கார வேண்டும்.

மற்ற மாவட்டங்களும் வெறுங்கையோடு வரவில்லை. விழுப்புரம் என்றால் மல்லர் கம்பம். தமிழ்நாட்டில் அந்தக் கலையை விளையாட்டாக மீட்டெடுத்த ஊர் அது. 2022-ல் பெங்களூருவில் நடந்த கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுகளில் மல்லர் கம்பமும் சேர்ந்துவிட்டது. தென்னாட்டில் இந்த ஒரு விளையாட்டிலாவது அண்ணாமலையை மிஞ்ச ஆள் இருக்கக் கூடாது. கபடிக்கு இந்த 4 மாவட்டங்களிலும் ஊருக்கு ஊர் அணி உண்டு; பொங்கலுக்கும் கோயில் திருவிழாவுக்கும் ராத்திரி முழுக்க விளக்குப் போட்டு ஆட்டம் நடக்கும். ஒரே சிக்கல், ஊரில் ஆடுவது மண்ணில், பெரிய போட்டி நடப்பது ‘மேட்’ என்னும் விரிப்பில். மண்ணில் காலை ஊன்றிப் பழகியவன் ஷூ போட்டு விரிப்பில் இறங்கினால் முதல் 2 ஆட்டங்களில் கால் அவன் சொல் கேட்காது. கபடி மேட் விரித்த ஒரு கூடம் ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒரு கல்லூரியிலாவது இருந்தால் இந்தக் குறை தீரும். நெய்வேலியில் நிலக்கரி நிறுவனத்தின் விளையாட்டு வளாகமும் பாரதி விளையாட்டரங்கும் இருக்கின்றன. கடலூர் அண்ணா விளையாட்டரங்கு தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் கையில். எல்லாவற்றையும் அண்ணாமலை நகரிலேயே கட்ட வேண்டியதில்லை.

இனி மைதானங்களுக்கு வருவோம். புதிய விளையாட்டு வசதி என்றாலே நம் ஊரில் உடனே செயற்கை ஓடுதளம், பகல்போல் விளக்கு என்று பேச்சு எழுகிறது. என் கணிப்பில் இந்தப் பகுதிக்கு முதல் தேவை வடிகால். கொள்ளிடத்துக்கு வடக்கே, கடலுக்குச் சில கிலோமீட்டர் மேற்கே இருக்கும் தாழ்நிலம் இது. களிமண். மழைக்காலத்தில் தண்ணீரைக் குடித்துக்கொண்டு விடாது. கோடையில் வெடித்து, கட்டியாகி, கணுக்காலை வாங்கும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை பெய்கிறது. 2011 டிசம்பரில் தானே புயல், 2015-ல் பெருவெள்ளம், 2024-ல் ஃபெஞ்சல் என்று கடலூர் மாவட்டம் மாற்றி மாற்றி அடி வாங்குகிறது. தென்மண்டலப் போட்டிகளில் பெரும்பாலானவை நடப்பதோ நவம்பரிலிருந்து ஜனவரிக்குள். அணி உச்சப் பயிற்சியில் இருக்க வேண்டிய 6 வாரமும் மைதானம் குளமாகக் கிடந்தால், பெங்களூருவிலோ கோயம்புத்தூரிலோ காய்ந்த தரையில் ஓடிப் பழகிய அணியை எப்படி வெல்வது? மணல் அடுக்கு போட்டு, சரிவு கொடுத்து, சுற்றிலும் கால்வாய் வெட்டிய ஒரே ஒரு கால்பந்து மைதானம், பூட்டிக் கிடக்கும் 4 மைதானங்களைவிடப் பயன் தரும். மழை நாளில் ஓட்டப் பயிற்சிக்கும் கபடிக்கும் கைப்பந்துக்கும் கூரை போட்ட பெரிய கூடம் இதற்கு அடுத்தது.

இதைச் செய்ய வெளியிலிருந்து ஆலோசகரைக் கூப்பிட வேண்டிய பல்கலைக்கழகம் அல்ல இது. 1945 முதல் பொறியியல் கற்றுத் தருகிறது. மண்ணையும் நீரையும் அளக்கத் தெரிந்த கட்டடப் பொறியாளர்கள் வளாகத்தில் இருக்கிறார்கள். களிமண்ணின் குணத்தை வேளாண் புலத்தைவிட நன்றாக அறிந்தவர் யார்? உடற்கல்வித் துறை பி.பி.எட்., எம்.பி.எட். வகுப்புகளோடு முனைவர் பட்ட ஆய்வும் நடத்துகிறது. நம் உடற்கல்வி ஆய்வேடுகள் பல, கல்லூரி மாணவர்கள் சிலருக்கு 12 வாரப் பயிற்சி கொடுத்து முன்னும் பின்னும் அளந்து முடிந்துபோகின்றன. அந்த அளவுகளைப் பல்கலைக்கழக அணியின் மேலேயே, ஆண்டுக்கு ஆண்டு, எடுத்து வைத்தால் பயிற்சியாளருக்கு அது பொன். பெண்கள் கால்பந்தில் முழங்கால் தசைநார் கிழிவது உலகெங்கும் பெரிய சிக்கல். ஆண்களைவிடப் பெண்களுக்கு அது கூடுதலாக நேர்கிறது. சரியான ‘வார்ம்-அப்’ பயிற்சியால் பாதிப்பைக் குறைக்க முடியும் என்பது நிறுவப்பட்ட விஷயம். 1985-ல் தொடங்கிய ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி 2021-ல் அரசின் மருத்துவத் துறைக்குப் போய்விட்டது என்றாலும் இருக்கும் இடம் அதே அண்ணாமலை நகர்தான். வாரம் ஒரு மாலை விளையாட்டுக் காயங்களுக்கென்று ஒரு வெளிநோயாளர் பிரிவு நடந்தால், முழங்கால் வீங்கிய பெண் நாட்டு வைத்தியத்தில் ஒரு பருவத்தைத் தொலைக்க வேண்டியிருக்காது.

பணம் எங்கே என்ற கேள்வி நியாயமானது. நிதி நெருக்கடியில் சிக்கிய பல்கலைக்கழகத்தைத் தமிழ்நாடு அரசு 2013-ல் சட்டம் இயற்றித் தன் கைக்கு எடுத்தது. தேவைக்கு மேல் இருந்த ஆயிரக்கணக்கான ஊழியர்கள் வேறு துறைகளுக்கு அனுப்பப்பட்டார்கள். சம்பளமும் ஓய்வூதியமும் கொடுப்பதே பெரும்பாடாக இருந்த நிறுவனத்தில் விளையாட்டுக்கு முதலிடம் கேட்க வாய் கூசும். ஆனால் நான் மேலே சொன்னவற்றில் பல, பணத்தைவிட முடிவெடுக்கும் மனத்தைக் கேட்பவை. அணித் தேர்வு எங்கே நடக்கிறது என்பதில் தொடங்கலாம். கள்ளக்குறிச்சியிலிருந்து சிதம்பரத்துக்குக் காலை 8 மணித் தேர்வுக்கு வர வேண்டிய மாணவன் முந்தின நாள் இரவே கிளம்ப வேண்டும். தங்க இடமில்லை என்றால் வரவே மாட்டான். பெண்ணாக இருந்தால் வீட்டில் விடமாட்டார்கள். விழுப்புரத்திலும் கள்ளக்குறிச்சியிலும் மயிலாடுதுறையிலும் கடலூரிலும் முதல் கட்டத் தேர்வை நடத்தி, தேறியவர்களை மட்டும் அண்ணாமலை நகருக்கு வரவழைத்து, 3 வாரமாவது விடுதியில் வைத்துப் பயிற்சி கொடுத்துப் போட்டிக்கு அனுப்புவதே முறை. தேர்வன்று 11 பேரைப் பொறுக்கி, மறுநாள் ரயிலேற்றினால் அது அணி ஆகாது.

இன்னொன்று வருகைப்பதிவு. போட்டிக்குப் போன நாட்களுக்கு ‘அட்டென்டன்ஸ்’ தர மறுக்கும் துறைத் தலைவர் ஒருவர் போதும், ஒரு வீரனை மைதானத்தைவிட்டு விரட்ட. உள்தேர்வு தவறினால் மறுதேர்வு எப்போது என்று எழுத்தில் இருக்க வேண்டும். கெஞ்சிக் கேட்டுப் பெறும் சலுகையாக அது இருக்கக் கூடாது. கல்லூரிகளில் உடற்கல்வி இயக்குநர் இடம் காலியாக இருந்தால் அந்தக் கல்லூரியில் விளையாட்டே கிடையாது என்றுதான் பொருள். புதிய இணைவு வழங்கும்போதும் புதுப்பிக்கும்போதும் பல்கலைக்கழகம் முதலில் பார்க்க வேண்டியது இந்த நாற்காலியை.

தமிழ்நாடு 2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுகளை நடத்தி, 38 தங்கத்தோடு மொத்தம் 98 பதக்கம் பெற்று இரண்டாம் இடம் பிடித்தது. அந்தப் பிள்ளைகள் இப்போது கல்லூரி வயதுக்கு வந்துகொண்டிருக்கிறார்கள். வட மாவட்டத்து, நடு மாவட்டத்துப் பிள்ளைகளைச் சென்னைத் தனியார் வளாகங்கள் அழைத்துக்கொள்ளும் முன்பு அண்ணாமலை அழைக்க வேண்டும்.

துணைவேந்தர் முதல் கல்லூரி முதல்வர்கள் வரை இதில் பொறுப்புள்ள எல்லோரிடமும் ஒரு வேண்டுகோள். எல்லா விளையாட்டுகளையும் ஒரே நாளில் தூக்கி நிறுத்த முயல வேண்டாம். பெண்கள் கால்பந்தை முதலில் எடுங்கள். கடலூர் அண்ணா விளையாட்டரங்கில் இந்தக் கல்வியாண்டின் தொடக்கத்திலேயே தேர்வை நடத்துங்கள். தேறிய பெண்களுக்கு எந்தக் கல்லூரியில் படித்தாலும் அண்ணாமலை நகர் விடுதியில் பயிற்சிக்கால இடமும் சாப்பாடும் கொடுங்கள். ஒரு மைதானத்துக்கு வடிகால் வெட்டுங்கள். முழுநேரப் பெண் பயிற்சியாளர் ஒருவரை அமர்த்துங்கள். மாநிலத்துக்கு 2 தேசியப் பட்டம் வென்று தர உதவிய மாவட்டம், தன் சொந்தப் பல்கலைக்கழகத்துக்கு வென்று தராமல் போகாது.